ஒரே ஒரு கோன் ஐஸ்

அப்போது நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். அம்மாவின் அப்பா, என் தாத்தா, பொன்னமராவதியிலிருந்து கீரனூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். வாலிபத்தில் அவர் கொண்டாடிய ஒரு நடிகையின் வாழ்க்கையைப் படமாக எடுத்திருந்தார்கள். அது புதுக்கோட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. தனியாகப் போய்ப் பார்க்க அவருக்குக் கூச்சம்.

"பிள்ளைக்கு லீவுதானே, கூட்டிக்கிட்டுப் போவோம்" என்று பழியை என் தலையில் போட்டார்.

மறுநாள் பகல் காட்சிக்கு அம்மா, தாத்தா, நான் மூவரும் பஸ் ஏறினோம். தாத்தா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். நடிகை திரைக்குள்ளிருந்து தன்னைப் பார்த்துவிடக்கூடும் என்பதுபோல, தியேட்டர் வாசலில் நின்று தலையை இரண்டு முறை வாரிக்கொண்டார்.

படம் ஆரம்பித்ததும், "மூக்கு அவங்க மாதிரி இல்லையே" என்று சத்தமாகவே குறைபட்டார். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

நடிகை சின்னப் பெண்ணாக இருந்த காலம் வந்தது. நாடகம் என்றால் உயிரை விடுகிறவள். சென்னையிலிருந்து நடிக்கக் கூப்பிட்டுக் கடிதம் வருகிறது. ஊரார் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். அவளுடைய அப்பா யாருக்கும் பதில் சொல்லாமல், தகரப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அவளை ரயிலேற்றிவிடுகிறார். தியேட்டரில் விசில் பறந்தது. நானும் கைதட்டினேன்.

திரும்பிப் பார்த்தால், அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, இது சந்தோஷமான சீன்ம்மா" என்று விளக்கினேன்.

"தெரியும். நீ படத்தப் பாரு."

எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தாத்தாவும் அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று எழுந்து, வரிசையில் இருந்தவர்கள் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு வெளியே போனார். அவர் ஆசைப்பட்டு வந்த படத்தில் ஒரு பாட்டு முழுதாக ஓடி முடிந்தது. திரும்பி வந்தபோது கையில் ஒரே ஒரு கோன் ஐஸ். நான் கையை நீட்டினேன். அது என்னைத் தாண்டிப் போயிற்று.

"சாப்புடு ஆத்தா" என்றார் அம்மாவிடம்.

"எனக்கெதுக்குப்பா? பிள்ளைக்குக் குடுங்க."

"அதுக்கு இன்டர்வெல்லுல வாங்கித் தாரேன். இது ஒனக்கு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அன்னைக்கு ஒன்னைய நான் அனுப்பியிருக்கணும்."

அம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஐஸ் உருகி விரலில் வழியத் தொடங்கிய பிறகுதான் வாயில் வைத்தாள்.

அம்மாவுக்குத் திருச்சியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்ததும், வயசுப் பெண்ணை ஹாஸ்டலில் விடுவதா என்று சொந்தக்காரர்கள் பேசிய பேச்சுக்குப் பயந்து தாத்தா அவளை நிறுத்திவிட்டதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. அன்றைக்கு நான் கண்டது வேறு. எதைத் தின்றாலும் முதல் வாய் எனக்கு ஊட்டுகிற அம்மா, அந்த ஐஸைக் கடைசித் துணுக்குவரை தானே தின்றாள். தாத்தா திரையைப் பார்க்காமல் அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெரியவர்களும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று, பஸ் கீரனூர் வந்து சேரும்வரை நான் அவர்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை.