இரண்டு கிரே ஸ்வெட்டர்கள்

என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் பள்ளிக்கூடத்தில் ஸ்வெட்டரின் நிறத்தை மாற்றினார்கள். அதுவரை நீலம். முந்தைய குளிர்காலத்தில்தான், விரல் நுனி வரை மூடும்படி இரண்டு சைஸ் பெரிதாக ஒரு நீல ஸ்வெட்டர் வாங்கியிருந்தேன். மூன்று வருடம் ஓட்டிவிடலாம் என்பது என் எண்ணம். நவம்பரில் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. இனிமேல் கிரே கலர். பள்ளியின் சின்னம் இருக்க வேண்டும். பள்ளி அலுவலகத்தில் மட்டுமே கிடைக்கும். அவர்கள் போட்டிருந்த விலைக்கு வெளியே மூன்று ஸ்வெட்டர் வாங்கலாம்.

நான் ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்கிறேன். கருவிகளைக் கழுவிக்கொண்டே, ஈரக் கையால் அந்தச் செய்தியைப் படித்தேன். குழுவில் ஒவ்வொருவராகக் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். நானும் போட்டேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் உண்டு.

கணவருக்கு ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் வேலை. அந்த மாதம் அவருக்கு ஓவர்டைம் கிடைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "ஸ்கூல்ல சொன்னா வாங்கித்தான ஆவணும்" என்றார்.

"எத வச்சு?"

அவர் ஷூ லேஸைக் கட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு சிவாஜிநகர் போனேன். குளிர் ஆரம்பித்தால் அங்கே நடைபாதையில் ஸ்வெட்டர்களைக் குவித்து விற்கும் பாய் ஒருவர் உண்டு.

"கிரே வேணும் பாய். பிளெய்னா. ஸ்கூலுக்கு."

"பேட்ஜ் இல்லாம உள்ள விடுவாங்களாக்கா?"

"குளிருக்குத்தான பாய் ஸ்வெட்டரு."

அவர் மூட்டைக்குள் கையை விட்டு, கவர் பிரிக்காத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மகள் அதைத் தொடவே இல்லை.

"அம்மா, இது அது இல்ல."

"அதேதான்டி."

"பேட்ஜ் இல்ல."

"கிட்ட வந்து யாரு பாக்கப்போறா?"

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்தே தூறல். சென்னைப் பக்கம் புயல் என்றால் எங்களுக்கு இப்படித்தான், வெயிலே இல்லாமல் எலும்புக்குள் ஏறும் குளிர். நான் வேலை முடிந்து வந்தபோது மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஸ்வெட்டர் சுருட்டிக் கிடந்தது.

"ஏன் போடல?"

இரண்டாம் முறை கேட்டபோதுதான் சொன்னாள்.

"பிரேயர்ல மிஸ் வெளிய கூப்ட்டாங்க. எல்லார் முன்னாடியும் கழட்டச் சொன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் போடல."

சாயங்காலம் வரை அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவளை நான் அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால், "அவங்க சொன்னா நீ ஏன் கழட்டுன?" என்று அவளிடம்தான் கத்தினேன். பதினோரு வயதுப் பெண் டீச்சர் சொல்வதை எப்படி மறுப்பாள்? அது கத்தும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் கத்தினேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். முதல்வர் கன்னடத்தில் பேசினார். நான் பிறந்து வளர்ந்ததே இந்த ஊர் ஜீவனஹள்ளியில்தான். கன்னடம் எனக்குத் தடையில்லாமல் வரும், கோபத்தில் இன்னும் நன்றாக வரும். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், பிள்ளைகளுக்குள் வித்தியாசம் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்றார் அவர். "ரூல்ஸ் ரூல்ஸே அல்வா", விதி என்றால் விதிதானே என்று முடித்துவிட்டு மேசை மேலிருந்த காகிதங்களைப் பார்க்க ஆரம்பித்தார். நான் போய்விட்டதாக அவருக்கு நினைப்பு.

வெளியே கவுண்டரில் புது ஸ்வெட்டர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் போய் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பிரித்தேன். கிளார்க் ஏதோ சொன்னார், காதில் வாங்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஆட்டுத் தலை படம் போட்ட சின்ன லேபிள். என் பையில் கொண்டுபோயிருந்த சிவாஜிநகர் ஸ்வெட்டரிலும் அதே ஆடு, அதே எழுத்து, அதே தையல். நெஞ்சில் தைத்திருந்த சின்னம் மட்டும்தான் அதிகம்.

இரண்டையும் கொண்டுபோய் முதல்வரின் மேசையில் முதுகுப் பக்கம் மேலே தெரியும்படி வைத்தேன்.

"இதுல எது உங்களுது மேடம்?" என்று கன்னடத்தில் உரக்கக் கேட்டேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சின்னத்தைத் தேடித் திருப்பிப் பார்க்கக் கையை நீட்டினார். அதற்குள் கவுண்டரில் வரிசையில் நின்ற ஒரு அம்மா உள்ளே மேசையருகே வந்துவிட்டார். லேபிளை விரலால் நிமிண்டிப் பார்த்தார். தன் கையிலிருந்த பாக்கெட்டைக் கிளார்க்கிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலையே குழுவில் செய்தி வந்தது. பெற்றோரின் நலன் கருதி இந்த ஆண்டு மட்டும் சின்னம் இல்லாத கிரே ஸ்வெட்டரும் அனுமதிக்கப்படுமாம். அவர்களாகவே மனமிரங்கியதுபோல எழுதியிருந்தார்கள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று அந்தச் செய்தியை மகளிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஸ்கூலுக்கு வந்து நீ கத்துனது கிளாஸ் வரைக்கும் கேட்டுச்சு. நான் அத போடமாட்டேன்."

கெஞ்சினேன், மிரட்டினேன், ஒரு நாள் காலையில் பிடித்து வைத்து மாட்டியும்விட்டேன். தெரு முனையில் கழற்றிப் பைக்குள் திணிப்பதை மாடியிலிருந்து பார்த்தேன். டிசம்பர் முழுக்க அரைக்கைச் சட்டையோடு, தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்து போனாள்.

முதல்வர் அறையில் நான் விலையைப் பற்றியும் லேபிளைப் பற்றியும்தான் வாய் கிழியப் பேசினேன். அத்தனை பேர் முன்னால் என் பெண்ணின் ஸ்வெட்டரை ஏன் கழற்றச் சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஜனவரியில் பெற்றோர் கூட்டம். அந்த டீச்சர் எதிரில் மகளோடு உட்கார்ந்தேன்.

"மிஸ், அன்னிக்கு இவள நிக்க வச்சு கழட்டச் சொன்னீங்களே, அதுக்கு இவகிட்ட ஒரு சாரி சொல்லுங்க."

டீச்சருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். மார்க் ஷீட்டை என் பக்கம் தள்ளினார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? மேத்ஸ்ல கம்மியா இருக்கா, அத பத்தி பேசலாம். இங்க சைன் போடுங்க."

நான் பேனாவை எடுக்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இப்ப யாரும்மா சைன் போடுவாங்க?"

"உங்க அப்பாவ போடச் சொல்லு" என்றேன்.