வேண்டாவின் கைதட்டல்

வேண்டா யாரையும் வாய்விட்டுக் கூப்பிடமாட்டாள். கைதட்டுவாள். சோறு ஆறுகிறதென்றால் ஒரு தட்டு, தண்ணீர் லாரி வந்துவிட்டதென்றால் அவசரமாக ஒரு தட்டு. மகள் அன்பரசி கல்லூரிக்குப் போகத் தொடங்கிய நாள்முதல் இதைப் பார்த்து வந்தாள்.

அந்தப் பழக்கம் வேலையிடத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. திருப்போரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், நாவலூரில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாக இருந்தாள் வேண்டா. சோறு ஊட்டும்போது கதை சொல்வாள். மழையும் கோழியும் அவள் வாயில் "மய வருது, கோயி ஓடுது" என்றுதான் வரும். பிள்ளைகளும் வீட்டில் போய் அப்படியே சொல்லின. ஐ.டி. வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. முதலில் முறையிட்டவள் ஜாய்ஸ் என்ற திருநெல்வேலிக்காரி. மூத்த மகனை அங்கே சேர்த்திருந்தாள்.

பள்ளி நடத்தியவர் வேண்டாவை அழைத்து, இனி பிள்ளைகளிடம் பேசவே கூடாது என்றார். கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டினால் போதும். தட்டினால் ஓடிவரப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். இந்த உத்தரவு ஜாய்ஸுக்குத் தெரியாது.

அன்று வீட்டில் வேண்டா சிரித்தாள்.

"அந்த ஜாய்ஸம்மா இன்னா சொல்லுது தெரியுமா? 'வாளப்பளம்'! நான் 'வாயப்பயம்'னா மட்டும் குத்தமாடீ?"

"ரெண்டுமே தப்புதாம்மா."

"ஆங், நீ காலேஜுல போய் சொல்லு. நாக்க மடிச்சிகினு சோறு ஊட்ட முடியுமா?"

"வாய மூடிகினு ஊட்டு. வேல போச்சின்னா என் படிப்பு இன்னா ஆவறது?"

மறுநாளிலிருந்து வேண்டா பேசாமல் ஊட்டினாள், பேசாமல் கால் கழுவிவிட்டாள், பேசாமல் தூங்கவைத்தாள். அன்பரசி பட்டம் வாங்கி வேலை தேடி அலைந்த காலத்திலும் அது மாறவில்லை. அதற்குள் ஜாய்ஸின் மகளும் அதே பள்ளிக்கு வந்துவிட்டாள்.

ஒரு மத்தியானம், பிள்ளைகளை அனுப்பும் நேரம். பள்ளி வேன் பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஜாய்ஸின் மகள் தனியாக நிற்பதை வேண்டா பார்த்தாள். பதறிப்போனாள். தொண்டைக்கு முன்னால் கை முந்திக்கொண்டது. தட்டிவிட்டாள்.

குழந்தை சிரித்துக்கொண்டே, பழக்கியபடி, அவளை நோக்கி ஓடிவந்தது. வேனுக்குக் குறுக்கே.

உயிர் பிழைத்தது. வலது கால் நசுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜாய்ஸ் திட்டவில்லை. வேண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஒரு சத்தம் போட்டிருந்தா பிள்ள நின்னிருக்கும்லா. ஏன்க்கா போடல?"

"அப்பால சொல்றம்மா" என்றாள் வேண்டா.

வீட்டில் அன்பரசிக்குப் பொறுக்கவில்லை. "பேசக் கூடாதுன்னாங்கன்னு சொல்லிட வேண்டியதுதானம்மா?"

"எதுக்குன்னு கேக்குமில்ல? அது குத்தம் சொல்லித்தான்னு நான் எப்டிடீ சொல்றது? ஏற்கெனவே புள்ளய அப்டி பாத்துகினு கீது. தாங்குமா?"

பேசாதே என்று சொன்னது பள்ளி மட்டும்தானா என்று அன்பரசி தன்னையே கேட்டுக்கொண்டாள். அம்மாவிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

வேண்டா அதன்பின் வேலைக்குப் போகவில்லை. ஜாய்ஸைப் பார்க்கவும் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மாரடைப்பில் இறந்துபோனாள்.

சாவுக்கு ஜாய்ஸ் வந்திருந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. எல்லாம் முடிந்து கிளம்பும்போது அன்பரசியிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அக்கா ஏதும் சொன்னாவளா?"

"இல்லக்கா."

ஜாய்ஸ் தலையசைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள். சொல்கிறேன் என்று வேண்டா ஏற்றுக்கொண்ட அந்தப் பதில் இன்றுவரை பாக்கி நிற்கிறது.