அம்மாவின் உதட்டுக் கொப்புளம்

அம்மாவின் கீழுதட்டின் உட்புறத்தில் கொப்புளம் வந்து மூன்று வாரமாகியும் ஆறவில்லை. கன்னத்தின் உட்பக்கமும் புண். மோர்ச்சோற்றைக்கூட கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்கினாள். புற்றாக இருக்குமோ என்று எனக்குப் பயம். பல வருடம் புகையிலை போட்டவள். நான் பட்டம் வாங்கிய அன்று விட்டவள்.

"மறுபடியும் போடுறியாம்மா? உண்மையச் சொல்லு."

"உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணட்டா? படிச்சவளாச்சே, எதனால வருதுன்னு நீயே கண்டுபிடி."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல வாய் வராது. செல்போனில் தேடினேன். சத்துக் குறைவு, கூரான பல், ஒத்துக்கொள்ளாத பற்பசை என்று எதைப் படித்தாலும் அதுதான் காரணம் போலிருந்தது. பற்பசையை மாற்றினேன், சத்து மாத்திரை வாங்கினேன். பக்கத்து வீட்டு அத்தை "எல்லாம் சூடுடி" என்று மணத்தக்காளிக் கீரை கொடுத்தார். எதற்கும் அடங்கவில்லை.

சிதம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். படிவத்தை நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி'. பள்ளி நாளிலிருந்தே அப்படித்தான் எழுதி வருகிறேன். அம்மா முதுநகரில் ஒரு கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள்.

"வீட்லதான் இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர். அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"விரல் ஏன் இப்படிக் கறுத்திருக்கு?"

"மருதாணிங்க."

புகையிலை விஷயத்தில் பொய் சொல்கிறாள் என்று மூன்று வாரம் அவளைக் குடைந்திருந்தேன். இந்தப் பொய் எனக்காக.

"முந்திரி உடைக்கிறாங்க டாக்டர்" என்றேன்.

"பருப்பு ஓட்டுல சிக்கிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"பல்லால நெம்புவேங்க. பருப்பு உடஞ்சா ஏச்சு வாங்கணும்."

ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் உதடு இப்படிப் பொத்துப்போகும் என்றார் டாக்டர். ஆனால் கன்னத்துப் புண் எதனால் என்று அவருக்கும் நிச்சயமில்லை. பழைய புகையிலையாகவும் இருக்கலாம். இரண்டு வாரம் கொட்டகைக்குப் போகக்கூடாது. அதற்குள் ஆறாவிட்டால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பேருந்தில் கேட்டேன், "ஏம்மா மருதாணின்னு சொன்ன?"

"நீ எழுதிக் குடுத்தத நான் போயி பொய்யாக்குவனா?"

கன்னத்துப் புண் எதனால் வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.