கோல்கீப்பரின் நீளப் பெயரும் சுவிட்சு மாமாவும்

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் நினைவில்லை. சுவிட்சு மாமா என்றால்தான் தெரியும். லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலையிடத்தில் நாளெல்லாம் நின்றுபோனதை ஓட வைப்பார். வீட்டுக்கு வந்தால் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவார். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அவருக்குத் தொண்டையில் முள் சிக்கியது மாதிரி இருக்கும். ஒருமுறை அவருடைய மச்சான், தலையெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறை இருட்டில் நின்று கத்தியிருக்கிறான்.

"உள்ள சத்தமே இல்லையே, ஆள் இல்லைன்னு நெனச்சேன்."

"அதுக்கு நான் பாட்டா பாடணும் மாமா?"

இப்படிப்பட்டவர் கண்ணில் மனைவியின் கம்ப்யூட்டர் பட்டது. முன்னறையில் அவள் எம்பிராய்டரி வேலை செய்கிறாள். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வயர் மெஷினுக்குப் போகும். திரையில் இருக்கும் எழுத்தை ஊசி துணியில் போட்டுக்கொண்டே வரும். அவள் சாப்பிடப் போனாலும் கடைக்குப் போனாலும் அந்தக் கம்ப்யூட்டர் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கும். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மச்சானை நச்சரித்து, தட்டுத் தடுமாறி ஒரு சின்ன கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிவிட்டார். அது பின்னணியில் கமுக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். கால் மணி நேரம் மவுஸோ கீபோர்டோ அசையாவிட்டால் கம்ப்யூட்டரைத் தூங்க வைத்துவிடும். மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவளே கவனித்து, "அட, யாரு செஞ்சது இது?" என்று வியக்கட்டும், அப்போது மீசையைத் தடவிக்கொள்ளலாம் என்றிருந்தார்.

மறுநாள் அவருக்கு விடுமுறை, அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. பெண்கள் ஹாக்கி அணியின் ஜாக்கெட்டுகளில் அவரவர் பெயரைத் தைத்து, மாலை ரயிலுக்கு முன் கொடுத்தாக வேண்டும். அதுவரை தலையணை உறையும் கைக்குட்டையும் மட்டுமே தைத்தவள். இது நன்றாக வந்தால் மற்ற அணிகளையும் அனுப்புவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். கெட்டால், மறுபடி கைக்குட்டைதான்.

சின்னப் பெயர்கள் மளமளவென்று முடிந்தன. கோல்கீப்பரிடம்தான் வந்தது வம்பு. அந்தப் பெண் அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டிருந்தாள். பாதித் தாத்தாவில் மெஷின் நின்றுவிட்டது. மனைவி நூலைப் பிரித்து, முதலிலிருந்து ஓட்டிவிட்டு, இஸ்திரி போடத் திரும்பினாள். மறுபடியும் அதே தாத்தாவில் நின்றது. ஊசியைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், எல்லாம் சரியாகவே இருந்தன.

"அந்தத் தாத்தாவுக்கு நம்ம மேல என்னங்க கோவம்?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் மெஷினைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "போர்டு போயிருக்கும்க்கா. கடைக்கு எடுத்துட்டுப் போறேன். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? சாயங்காலம் அவங்க ரயிலேறணும்!"

அவர் கையை விரித்தார். மனைவி பயிற்சியாளரிடம் சொல்லப் போனை எடுத்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்ற மாமா தற்செயலாகத் திரையைப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. எவ்வளவு சமத்தாகத் தூங்குகிறது என்று ஒரு நொடி மனம் குளிர்ந்தது. மறுநொடி உறைத்தது. மெஷின் தைக்கும்போது யார் மவுஸைத் தொடுகிறார்கள்?

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி போர்டோடு போய்விடும். ஆனால் அவள் எண்களை அழுத்த ஆரம்பித்துவிட்டாள்.

"இரு இரு! மெஷின்ல ஒண்ணுமில்ல. நான்தான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"தூங்க வெச்சேன்."

"எதை?"

"கம்ப்யூட்டரை. தானாத் தூங்குற மாதிரி ஒண்ணு எழுதி வெச்சேன்."

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மாமா, நல்லா இருக்கிற மெஷினை வண்டியில ஏத்தப் பாத்தேனே!"

மனைவி போனைக் கீழே வைத்தாள். "லைட்டை அணைச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். ஃபேனை அணைச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். இன்னிக்கு என் பொழப்பையே அணைக்கப் பாத்தீங்களே!"

"இதோ, அழிச்சிட்டேன் பாரு."

"நீங்க சொன்னா நான் நம்பணுமா? தைச்சு முடியுற வரைக்கும் இங்கயே உக்காந்து மவுஸை ஆட்டுங்க."

மாமா உட்கார்ந்தார், ஆட்டினார். கை வலித்தபோது மறு கையால் ஆட்டினார். ஊசி அப்பாவைக் கடந்து தாத்தாவுக்குள் நுழைந்தபோது, ஜாக்கெட்டை வாங்க வந்த கோல்கீப்பர் வாசலில் நின்றாள்.

"என்ன சார் பண்றீங்க?"

"உங்க தாத்தா பாதியில தூங்கிடாம பாத்துக்கறேன்மா" என்றார் மாமா, கண்ணை எடுக்காமல்.

அந்தப் பெண் விழித்தாள். இஸ்திரிப் பெட்டியோடு திரும்பி நின்றிருந்த மனைவியின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.