செவ்வாய் திரும்பிய கண்ணாடி

எங்கள் மேனாம்பேடு வீட்டுக் கூடத்தில் படமில்லாத ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருக்கிறது. அதில் இரண்டு வெள்ளைக் கல்பொட்டுகள். அருகே, கொண்டை ஊசிபோல் வளைந்து திரும்பும் சிவப்பு ஒட்டுப்பொட்டு வரிசை. வருகிறவர்கள் ஏதோ குழந்தையின் வேலை என்று நினைக்கிறார்கள். ஒட்டியவள் எங்களோடு இருக்கும், நாற்பத்தைந்து வயதான என் நாத்தனார்.

கல்யாணத்தால் நின்ற இயற்பியல் படிப்பை, மகன் வேலைக்குப் போன பிறகு தொலைதூரக் கல்வியில் மறுபடி தொடங்கியிருந்தாள். ஞாயிறுதோறும் வகுப்பு. அவளுடைய அண்ணனான என் கணவருக்கு அது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. ஒரு பொங்கல் மாலை மொட்டைமாடியில் நின்றபோது, கிழக்கே சிவந்து தெரிந்த செவ்வாயைக் காட்டி, அது இப்போது நட்சத்திரங்களுக்கிடையே பின்னோக்கிப் போகிறது, மாசியில் நின்று திரும்பும் என்றாள். அவர் சிரித்தார்.

"பின்னாடி போவுதா? அது இன்னா, குமணன்சாவடில ரிவர்ஸ் எடுக்கிற ஷேர் ஆட்டோவா?"

"அது எப்பவும் முன்னாடிதான் போவுதுண்ணா. நாம உள்வட்டத்துல வேகமா ஓடி அத்த முந்துறோம். அதான் அப்டித் தெரியுது."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "திரும்பலன்னா கிளாஸை வுட்டுடு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் விளையாட்டில்லை என்று மூவருக்கும் தெரியும். அவள் சரி என்றுவிட்டாள்.

பழைய சட்டம் ஒன்றிலிருந்து படத்தையும் பின் அட்டையையும் எடுத்துவிட்டு, அதில் ஒரு நூலைக் கட்டினாள். நூல் முனையைப் பல்லில் கடித்துச் சட்டத்தை நீட்டிப் பிடித்தால் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரம் மாறாது. புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களுக்கு வெள்ளைப் பொட்டுகள். சனிக்கிழமைதோறும் இருட்டியதும் அவற்றை நட்சத்திரங்களின் மேல் பொருத்திப் பிடிப்பாள்; அவள் விரலால் காட்டும் இடத்தில், செவ்வாயின் மேல், நான் சிவப்புப் பொட்டு ஒட்டுவேன். தையில் பொட்டுகள் இடைவெளி விட்டு மேற்கே நகர்ந்தன. மாசி பிறந்ததும் நெருங்கின. பிறகு இரண்டு வாரம் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுந்தன.

"நின்னுபோச்சு பாரு. அவ்ளோதான்" என்றார் அவர். அவள் நூலைச் சுற்றி வைத்தாள்.

அடுத்த சில வாரம் மேகம் மூடியிருந்தது. அது விலகிய சனிக்கிழமை, வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியேறினார். சென்ட்ரலிலிருந்து விரைவு மின்ரயிலில் வந்திருக்கிறார். கொரட்டூர் அருகே, அடுத்த தண்டவாளத்தில் அதே திசையில் ஆவடிக்குப் போகும் சாதா வண்டியை இவர் வண்டி முந்தியிருக்கிறது. தினமும் பார்ப்பதுதான். அன்றுதான், முன்னே ஓடும் அந்த வண்டியின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவுவதைக் கவனித்திருக்கிறார். சட்டத்தை வாங்கி, நூலைத் தானே கடித்துக்கொண்டார். செவ்வாய் கடைசி இரண்டு பொட்டுகளை விட்டு விலகி, கிழக்கே தெரிந்தது. நூலை எடுத்ததும் சொன்னார்: "திரும்பிடுச்சும்மா. நாளைக்குக் கிளாஸுக்கு நானே வண்டில இட்டுகினு போறேன்."

அவள் இப்போது பட்டதாரி. சான்றிதழை பீரோவில் வைத்துவிட்டு, கூடத்தில் இந்தச் சட்டத்தை மாட்டினாள். யாராவது கேட்டால் அவள் வாய் திறப்பதற்குள் என் கணவர் எழுந்து போய், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும் அந்த இரண்டு பொட்டுகளில் விரலை வைப்பார்.

"இங்கதாங்க, நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்."