தேயாத செருப்பு

எங்கள் வீட்டுச் சுவரில் வடக்குப் பக்கம்தான் ருசி அதிகம். சாரல் பட்டு ஊறிய மண்வாசனை மூக்கில் ஏறியதுமே நாக்கில் நீர் சுரக்கும். அம்மா நடவுக்குப் போனதும் நகத்தால் சுரண்டித் தின்பேன். சுவரொட்டியைத் தின்னும் மாட்டுக்குக் கிடைக்கும் அனுதாபம், சுவரைத் தின்னும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. அடிதான் கிடைத்தது.

மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்காமல் போனதில் அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். ஊருக்குக் கேபிள் டிவி வந்துவிட்டது, கக்கூஸ் வரவில்லை. வாய்க்கால் கரைக்குத்தான் எல்லோரும் போவோம், வெறுங்காலோடு. பள்ளிக்கூடத்தின் நாலு படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. "சோம்பேறிக் கழுதை" என்று திட்டிக்கொண்டிருந்த அம்மா, நான் பிரேயரில் சுருண்டு விழுந்த அன்று பயந்துபோய் மாயவரம் பஸ்ஸில் ஏற்றினாள்.

அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு பாதத்தைத் தூக்கி விரலிடுக்கைப் பார்த்தார்.

"மண்ணு திம்பாளா?"

அம்மா தலைகுனிந்தாள்.

"அடிக்காதீங்க. ரத்தம் கொறஞ்ச புள்ளைங்க அப்படித்தான் திங்கும். கால் வழியா புழு ஏறி ரத்தத்தக் குடிக்குது."

சீட்டில் புழு மாத்திரை, இரும்புச்சத்து டானிக், மூன்றாவதாகச் "செருப்பு" என்று தமிழிலேயே எழுதினார். ரெண்டு மாதத்தில் ரத்தம் ஏறாவிட்டால் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேண்டும் என்றார். எங்கள் தெருச் செல்வி அங்கே போனவள், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அம்மா தினமும் வேலைக்குக் கிளம்புமுன் என் இமையை இழுத்துப் பார்ப்பாள். என்ன தெரிந்ததோ.

ரெண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரி வாசலில், மஞ்சப்பையிலிருந்து நீல வார் ஹவாய் செருப்பை எடுத்து, என் காலை முந்தானையால் துடைத்து மாட்டிவிட்டாள். விரலில் குத்தி ரத்தம் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"கொஞ்சந்தான் ஏறியிருக்கு, பத்தாது. செருப்புப் போடுறாளா?"

கழற்றிப் புரட்டினார். அடியில் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது. அம்மா பெருமையாகச் சொன்னாள்: "ஒருநாளும் போட விடலீங்க. ஒங்ககிட்ட வர்றதுக்குன்னே பத்திரமா வச்சிருக்கேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"தேய வேண்டியது செருப்பும்மா, புள்ள இல்ல. இன்னும் ஒரு மாசம் தர்றேன். இது தேஞ்சு வரணும். இல்லேன்னா தஞ்சாவூர்தான்."

விலைச்சீட்டை நகத்தால் கிழித்துப் போட்டார். மாத்திரையும் மறுபடி கொடுத்தார்.

அப்புறம் வாய்க்காலுக்குப் போனாலும் "செருப்பு எங்கடி?" என்று அம்மா விளக்குமாற்றோடு துரத்தினாள். நானோ, தேயாமல் போய்விடுமோ என்ற பயத்தில் தினமும் வீட்டைப் பத்துச் சுற்று அதிகம் சுற்றினேன். மாதக் கடைசியில் செருப்பின் குதிகாலில் ஓட்டையே விழுந்துவிட்டது. டாக்டரம்மா முதலில் செருப்பைப் பார்த்தார், பிறகு விரலில் குத்தினார். "தஞ்சாவூர் வேணாம்" என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

இன்று அந்தச் சுவர் இல்லை. சிமெண்டுக்கு ருசி கிடையாது. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்கேன் சென்டர் இருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது, வங்காளத்திலிருந்து நடவுக்கு வந்தவர்களின் கொட்டகை வாசலில் ஒரு சிறுமி வெறுங்காலோடு மண்ணைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. அவள் அம்மாவிடம் என் செருப்பைக் காட்டி, சிறுமியின் காலையும் காட்டினேன்.

அந்தப் பெண் புரிந்துகொண்டு சிரித்தாள். உள்ளே போய், பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்த சின்ன ரோஸ் செருப்பை எடுத்துவந்து, துளி மண் படாத அதன் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.