எழுத்தல்லாததை நீக்கு

இன்று காலை வந்த கூரியர் உறையில் என் பெயருக்குக் காலும் இல்லை, கொம்பும் இல்லை, புள்ளியும் இல்லை. மொட்டையடித்த தலைகளாக எழுத்துகள் நின்றன. யாரோ இன்னும் அந்த ஒற்றை வரியை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நாசமாய்ப் போகட்டும். ஒருகாலத்தில் நானும் எழுதியவன் என்பதால் சாபத்தில் எனக்கும் பங்குண்டு.

உறையின் பசை நாற்றம் என்னை நாகர்கோவிலில் ஒரு பைண்டிங் கடையின் மாடிக்குக் கொண்டுபோனது. 2011, அக்டோபர் கடைசி வாரம். அங்கே ஒரு கணினி அலுவலகம்; முதலாளி, நான், தட்டச்சு செய்யும் ஜெசிந்தா. இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊரொன்றின் இறந்தோர் பெயர்களை, கிறிஸ்தவக் கோயிலின் பழைய கையெழுத்துப் புத்தகங்களிலிருந்து நான்கு மாதமாக அவர் அடித்துக்கொண்டிருந்தார். கல்லறைத் திருநாள் பூசையில் வாசிப்பதற்காக.

அடித்ததில் நட்சத்திரக் குறி, அடைப்புக்குறி என்று சில குப்பைகள் கிடந்தன. "சுத்தம் பண்ணு" என்றார் முதலாளி. பைத்தான் என்ற நிரல்மொழியோடு கூடவே வரும் நிரல் நூலகம் ஒன்று உண்டு. எது எழுத்து, எது எழுத்தல்ல என்று பொருத்திப் பார்த்துச் சொல்லும். எழுத்தல்லாததை எல்லாம் நீக்கு என்று ஒரே வரி எழுதினேன். ஆங்கிலப் பட்டியலில் சோதித்தேன், பளிங்காக வந்தது. என் மேதைமையை மெச்சி ஒரு சாயா குடித்துவிட்டு, தமிழ்க் கோப்புகள் எல்லாவற்றின்மேலும் ஓட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நூலகத்துக்குத் தமிழின் காலும் கொம்பும் புள்ளியும் எழுத்தே அல்ல, இன்றைக்கும் அல்ல. பிரதி எடுத்து வைப்பதும் எங்களிடம் கிடையாது. "ரெண்டு இருந்தா எது புதுசுன்னு கொழம்பும்" என்பது முதலாளியின் சட்டம். எதையும் பழைய கோப்பின் மேலேயே சேமிப்போம், பழையது அழிந்துவிடும்.

மறுநாள் கோயில் கமிட்டிக்காரர் அச்சுத் தாளோடு படியேறி வந்தார்.

"எங்க தாத்தாக்க பேரு மரிய மிக்கேல். இதுல 'மரய மககல'ன்னு கெடக்கு. இதையா பூசையில வாசிக்கியது?"

முதலாளி ஜெசிந்தா பக்கம் திரும்பினார். "ஏட்டி, கண்ண எங்க வச்சிட்டு அடிச்சே?"

"நான் அடிச்சது சரியாத்தான் இருந்தது சார். இவருட்ட கேளுங்க."

கேட்கவில்லை அந்த மனிதர். கமிட்டிக்காரர் முன்னால் அவருக்கு உடனே ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. தாளைப் பார்த்த கணமே எனக்குப் புரிந்துவிட்டது. என் விசைப்பலகையில் தூசி இருந்தது, அதை ஊதினேன்.

"நாளைக்கு நீ வரண்டாம்" என்றார் முதலாளி.

ஜெசிந்தா சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் வைத்தார். என் மேசையருகே ஒரு நொடி நின்றார். "நல்லா இருங்க" என்றார். வாழ்த்து அல்ல அது.

அலுவலகம் இப்போது இல்லை. அந்தக் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். முதலாளி துபாய்க்குப் போனார்; போகட்டும். நான்கு மாத உழைப்பு என் ஒற்றை வரியில் அழிந்தது. அந்த நாளுக்கு மிச்சமிருக்கும் ஒரே சான்று, தேதி தவறாமல் நான் எழுதிவந்த நாட்குறிப்பு. எடுத்துப் பார்த்தேன். தெளிவான கையெழுத்தில் இருக்கிறது: "பிற்பகல் மழை. ஜெசிந்தா தாமாகவே வேலையை விட்டார்."